ஒன்பதாம் படுக்கை காத்திருக்கிறது

பகல் ஒன்றரை மணிக்கு நான் அந்த வார்டுக்குள் நுழைந்தேன். இரண்டாவது மாடி. படிக்கட்டு முடிந்ததும் இடப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டினால் நீளமான அறை, இரு பக்கமும் படுக்கைகள். ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. மருந்து நெடியும், துடைத்த தரையின் ஈர வாடையும், யாரோ உரித்துத் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் வாசனையும் கலந்து வந்தன. பேய் இருக்கிற இடம் மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. நானும் பேயைத் தேடிப் போகவில்லை. ஒரு கணினி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்த பிழையை, எங்கள் பாஷையில் ரன்டைம் எரரை, தேடிப் போனேன், அதுவும் கொதிக்கிற கோபத்தோடு.

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் எனக்குக் ‘கொதிகலன்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் சுவருக்கும் காது உண்டு. கோபம் வந்தால் எனக்கு முதலில் இரண்டு காதும் சூடாகும், அப்புறம் வாய் திறக்கும். அன்று காலையிலிருந்தே காது சுட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னை அனுப்பிவைத்த மேனேஜர், போய்ப் பாருங்கள், ஆனால் தப்பு எதையும் கண்டுபிடித்துவிடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான். அந்த வார்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மானிட்டர் உண்டு. எல்லா மானிட்டர்களும் செவிலியர் மேசையில் உள்ள ஒரே திரையில் வந்து சேரும். யாருக்காவது நாடி இறங்கினால் மேசையில் அலாரம் அடிக்க வேண்டும். அந்த நிரல் எங்கள் கம்பெனியுடையது. அலாரம் அடிக்கிற பகுதியை ஏழு வருடத்துக்கு முன்னால் எழுதியவள் நான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்பதாம் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனார். அலாரம் அடிக்கவே இல்லை என்றார் பணியில் இருந்த சிஸ்டர். ஆனால் நிரலின் பதிவேட்டில் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம் ஏழாவது விநாடியில் ‘படுக்கை 9: அலாரம் அடித்தது’ என்று பளிச்சென்று ஒரு வரி இருந்தது. மனுஷி பொய் சொல்வாள், மிஷின் சொல்லாது என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். மறுநாள் நான்கு மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் சிஸ்டருக்கு வேலை போகும், செவிலியர் பதிவும் போகும். அதன்பின் எந்த ஊரிலும் அவரை ஒரு நோயாளியின் மணிக்கட்டைத் தொட விடமாட்டார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு நிரல் தினமும் மூன்று பத்துக்குச் செத்து விழுந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடம் உறைந்து நிற்கும், பிறகு ரன்டைம் எரர் என்று ஒரு பெட்டி வரும், தானாகவே மீண்டும் தொடங்கும். இதை விசாரணைக்கு முன்னால் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, நிரல் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைக்கத் தெரிந்த ஆள் என்றுதான் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, மார்பில் தலைகீழாகக் குத்திய ஒரு கடிகாரம். விசாரணை முடியும்வரை நோயாளியைத் தொடக்கூடாது, மேசை வேலை மட்டும்தான் என்று உத்தரவு. எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன்.

த்ரெட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக நான்கு வரி. ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்யும். அவைதான் த்ரெட்கள். இங்கே படுக்கைக்கு ஒன்று, பணி மாற்ற அறிக்கையை அச்சிட ஒன்று. எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஒரே குளியலறை இருந்தால் என்ன செய்வோம்? உள்ளே போகிறவர் தாழ்ப்பாள் போடுவார், மற்றவர் வெளியே நிற்பார். நிரலிலும் அப்படித்தான், அதற்குப் பூட்டு என்று பெயர். சிக்கல் எங்கே வருமென்றால், ஒருவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு துண்டுக்காகக் காத்திருக்கிறார். துண்டு வைத்திருப்பவரோ, நான் குளித்த பிறகுதான் தருவேன் என்று வெளியே நிற்கிறார். இரண்டு பேரும் யுகம் முடியும்வரை நிற்பார்கள். தப்பு என்று யாரும் கத்தமாட்டார்கள், எல்லாரும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் எழுதுகிற வரிகளைச் சரிபார்த்து மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் இதைக் கண்டுபிடிக்காது. கல்யாணப் பொருத்தம் பார்க்கிறவருக்கும் கம்பைலருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொருத்தம் பத்துக்குப் பத்து என்று எழுதிக் கொடுப்பார், அதற்கப்புறம் வீட்டுக்குள் நடப்பதற்கு அவர் பொறுப்பில்லை.

மூன்று மணிக்குப் பணி மாறியது. காலையில் இருந்தவர்கள் போனார்கள், சிஸ்டர் மட்டும் மேசையிலேயே இருந்தார். நான் டீபக்கரை நிரலோடு மாட்டினேன். அதை மாட்டினால் ஓடுகிற நிரலை எந்த இடத்திலும் நிறுத்தி உள்ளே பார்க்கலாம். ஆனால் ஒரு தொல்லை, அதை மாட்டியதும் நிரல் கொஞ்சம் மெதுவாகிவிடும். மெதுவானால் மோதல் நடக்காது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிற வயிற்றுவலி மாதிரி.

மூன்று பத்து ஆனது. எதிர்பார்த்தபடி எரர் வரவில்லை. சாபமிட்டுக்கொண்டே நிரலை நிறுத்தி த்ரெட் பட்டியலைத் திறந்தேன்.

எட்டுப் படுக்கை. அறிக்கைக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது இருக்க வேண்டும்.

பத்து இருந்தது.

‘படுக்கை 9’ என்று ஒரு த்ரெட். நிலை: காத்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்ற கட்டத்தில் இருபத்தொரு நாள் என்று இருந்தது.

எனக்குக் காது சுட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நிரல் செத்தால் அதன் த்ரெட்கள் எல்லாம் கூடவே சாகும், அதில் விதிவிலக்கே கிடையாது. தினமும் செத்துப் பிழைக்கிற நிரலுக்குள் ஒரு த்ரெட் இருபத்தொரு நாளாகக் காத்திருக்க முடியாது. ஒன்பதாம் படுக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும் சொல்லியிருந்தார்கள். எழுந்து அந்த மூலைக்குப் போனேன்.

படுக்கை இல்லைதான். தரையில் நான்கு சக்கரத்தின் தடம் மட்டும் இருந்தது. சுவரில் மானிட்டர் வயர் செருகும் ஓட்டை, அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் வெயில் அந்த மூலைக்கும் வந்தது, ஆனாலும் அங்கே காலடியில் சில்லென்று இருந்தது. நாணயங்களை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை அங்கே அடித்தது. நான் குனிந்து டேப்பைத் தொட்டேன்.

டங்.

இரும்பில் இரும்பு பட்ட சத்தம். ஒரே ஒரு தடவை. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

அங்கே இரும்பு என்று எதுவுமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் சிஸ்டர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். நான் அவரிடம் போவதற்குள் அவர் முகம் முழுவதும் வேர்த்துவிட்டது. உங்களுக்கும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே பதில் தெரிந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். குரல் மேசையைத் தாண்டவில்லை.

“கண்டக்டர். பஸ் கண்டக்டரா இருந்தவர் அவர். விரல்ல மோதிரம் இருக்கும், கட்டில் கம்பில தட்டுவார். ரெண்டு தட்டுன்னா போலாம், ஒரு தட்டுன்னா நிறுத்து. பஸ்ல பழகின கை. ஊசி போட்டு முடிச்சதும் ரெண்டு தட்டு தட்டி, ‘ரைட், அடுத்த ஸ்டாப்புக்குப் போங்க’ன்னு சிரிப்பார்.”

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர்மேல் இல்லை, ஆனால் யார்மேல் என்று அப்போது எனக்குத் தெளிவாகவில்லை.

“நான் ரெண்டாம் படுக்கைல இருந்தேன். ஒரு தட்டு கேட்டுச்சு. ‘வர்றேன் கண்டக்டர்’னு சொன்னேன். சொன்னேனே தவிர போகல.” மார்பில் இருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஏதாவதுன்னா மிஷின் கத்தும்ல. மிஷின் இருக்கேன்னு இருந்துட்டேன்.”

இதை அவர் விசாரணையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தினமும் மூன்று பத்துக்கு அந்தத் தட்டு கேட்கிறதாம். புதிதாக வந்த செவிலிக்குக் கேட்பதில்லை, டாக்டருக்கும் கேட்பதில்லை. இதுவரை தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தாராம். உங்களுக்கு எதுக்கு மேடம் கேக்குது என்று அவர் கேட்டபோது நான் லேப்டாப்பை மூடினேன்.

அன்று சாயங்காலம் நிரலின் மூல வரிகளை முழுதாகத் திறந்து உட்கார்ந்தேன். பழைய கோபங்களை எல்லாம் ஒன்றுசேர்த்துக்கொண்டு, இதை இப்படிக் கெடுத்தவன் எவனோ அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடு உட்கார்ந்தேன்.

அலாரம் அடிக்க இரண்டு பூட்டு வேண்டும்: படுக்கைப் பட்டியல், ஒலிபெருக்கி. அறிக்கை அச்சிடவும் அதே இரண்டு வேண்டும், ஏனென்றால் தொடங்கும்போது அது ‘பீப்’ என்று ஒரு சத்தம் போடும். அலாரம் முதலில் பட்டியலைப் பூட்டியது, அப்புறம் ஒலிபெருக்கியைக் கேட்டது. அறிக்கை முதலில் ஒலிபெருக்கியைப் பூட்டியது, அப்புறம் பட்டியலைக் கேட்டது. துண்டும் குளியலறையும். தினமும் மூன்று பத்துக்கு அறிக்கை அச்சாகும். அந்தக் கணத்தில் யாருக்காவது நாடி இறங்கினால் இரண்டும் எதிரெதிரே நின்றுவிடும், அலாரம் அடிக்காது. நிரல் உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கிற காவல் பகுதி நான்கு நிமிடம் பார்த்துவிட்டு நிரலைக் கொன்று மீண்டும் தொடங்கும். நான்கு நிமிடம் கண்டக்டருக்கு அதிகம்.

மோதலைத் தவிர்க்க அறிக்கைக்கு முன்னால் யாரோ இருநூறு மில்லி விநாடி தாமதம் போட்டிருந்தார்கள். எட்டுப் படுக்கையை ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க அது போதும். சென்ற மாதம் ஒன்பதாவது படுக்கை சேர்ந்தது. ஒன்பதுக்குப் போதவில்லை.

தாமதத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘தற்காலிகம். அடுத்த வாரம் சரியாக எழுத வேண்டும்.’ அதன் கீழே தேதி, ஏழு வருடத்துக்கு முந்தையது. தேதிக்குப் பக்கத்தில் என் முதலெழுத்து.

அதற்கு இரண்டு வரி மேலே இன்னொன்று. நிரல் பதிவேட்டில் ‘அலாரம் அடித்தது’ என்று எழுதுவது ஒலிபெருக்கிக்குப் போகும் முன்பே நடந்தது. எங்கள் தொழிலில் அது ஒரு பழக்கம். நடுவில் நிரல் செத்தால் என்ன செய்யப் போய்ச் செத்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக முதலிலேயே எழுதி வைத்துவிடுவோம். அதைப் படிப்பவர் எங்களைப் போன்ற ஆள் என்று நினைத்து எழுதுவது. ஒரு விசாரணைக் குழு படிக்கும், அதைக் காட்டி ஒருத்தியின் கழுத்தைப் பிடிக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவத்தின் இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இன்னொன்றும் புரிந்தது. பூட்டு விழ ஒன்பது படுக்கை வேண்டும். மூன்று வாரமாக அங்கே எட்டுதான். எட்டுக்கு அந்தத் தாமதம் போதும், எரர் வரவே கூடாது. தினமும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பதாம் படுக்கையின் த்ரெட்டைத் தவிர. அவர் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“இருநூறை ரெண்டாயிரம் ஆக்குங்க. கம்பைல் பண்ணுங்க. தாள்ல கையெழுத்துப் போடுங்க. சாயங்காலம் அந்தம்மா போயிடுவாங்க, பிரச்சினையும் போயிடும்.”

நான் கத்தினேன். பத்து நிமிடம் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மழையில் நிற்கிற மாடு மாதிரி அமைதியாக இருந்தார். போனை வைத்தபின் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருநூறை இரண்டாயிரம் ஆக்கினேன். கோபக்காரர்கள் எல்லாரும் தைரியசாலிகள் என்று நினைப்பவர்கள் எங்களோடு குடித்தனம் நடத்தியதில்லை. ஒரு மனிதரின் சாவு என் முதலெழுத்துக்குக் கீழே வந்து நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பதினோரு நிமிடத்தில் கம்பைல் ஆனது. பிழைகள் பூஜ்யம். எச்சரிக்கைகள் பூஜ்யம்.

இரண்டரை மணிக்கு வார்டில் புதிய நிரலை ஓட்டினேன். சிஸ்டர் விசாரணைக்காகத் துவைத்து மடிப்புக் கலையாத சீருடையில் வந்திருந்தார். சரியாயிடுச்சா மேடம் என்று கேட்டார். ஆயிடுச்சு என்றேன். அவர் கண்ணைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாள் என் பையில் இருந்தது.

புதிய செவிலி மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாள். நோயாளிகள் எல்லாரும் சாப்பிட்ட அசதியில் தூங்கினார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது. மூன்று ஒன்பது. திரையில் எட்டுப் பச்சைக் கோடுகள் அலையலையாக ஓடின. அச்சு இயந்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பீப் என்று சத்தம் வர வேண்டும், தாள் வெளியே வர வேண்டும், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்று பத்து.

பீப் வரவில்லை.

திரையின் ஓரத்தில் ஓடிய கடிகாரம் ஏழாவது விநாடியில் நின்றது. எட்டுக் கோடுகளும் இருந்த இடத்தில் நின்றன. எட்டும் பச்சை.

நாணய வாடை வந்தது. மூலையிலிருந்து வரவில்லை, அறை முழுக்க இருந்தது.

டங்.

ஒன்பதாம் படுக்கை இருந்த மூலையில்.

டங்.

இந்த முறை எட்டாம் படுக்கைக் கம்பியில். அந்தக் கம்பி அதிர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். தூங்கியவர் அசையவில்லை.

ஏழாம் படுக்கை. ஒரு தட்டு.

ஆறாம் படுக்கை. ஒரு தட்டு.

பஸ்ஸுக்குள் கம்பிக்குக் கம்பி தட்டிக்கொண்டே வருகிற ஒரு ஆள் மாதிரி, அவசரமில்லாமல், வரிசை தவறாமல் அது எங்களை நோக்கி வந்தது. ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிட ஓங்கி விழுந்தது. கோபத்தை எனக்குத் தெரியும், அதோடு பிறந்து வளர்ந்தவள் நான். அது கோபம்தான்.

ஐந்தாம் படுக்கை.

நான்காம் படுக்கை.

அங்கே நின்றது. மூன்றாம் படுக்கைக்கு வரவில்லை. நான்காம் படுக்கையிலேயே மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒன்று, இடைவெளி விட்டு விட்டு, நிறுத்து, நிறுத்து என்று.

“மேடம்.” சிஸ்டர் குரல் எனக்குப் பக்கத்தில் மிக மெல்லியதாகக் கேட்டது. “அவர் உதடு.”

நான்காம் படுக்கையில் இருந்தவர் மாடியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன், முப்பது வயதுகூட இருக்காது. அவர் உதடு நீலமாக இருந்தது. திரையில் அவர் கோடு பச்சை. பதிவேட்டில் கடைசி வரி ‘படுக்கை 4: அலாரம் அடித்தது.’ வார்டில் மின்விசிறியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

சிஸ்டர் ஓடினார். நோயாளியைத் தொடக்கூடாது என்ற உத்தரவு காற்றில் பறந்தது. தலையணையை உருவி எறிந்தார், தாடையைத் தூக்கினார், சுவரில் இருந்த ஆக்சிஜன் குழாயை இழுத்து முகத்தில் வைத்து அழுத்தினார், டாக்டரைக் கூப்பிடச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டு வரை ஓடி ஆட்களைக் கூட்டி வந்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பையன் இருமிக்கொண்டிருந்தான். உதட்டில் நிறம் ஏறியிருந்தது. சிஸ்டர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், மடிப்புக் கலையாத சீருடை முழுக்கக் கசங்கிவிட்டது.

மேசையில் த்ரெட் பட்டியல் திறந்தே இருந்தது. பத்து. படுக்கை 9: காத்திருக்கிறது.

எனக்குக் கண்டக்டர்மேலும் கோபம் வந்தது. என் தப்பைக் காட்ட இன்னொருவன் உயிரை விளிம்பில் வைப்பதா? ஆனால் அவனை அங்கே வைத்தது யார்? காலையில் பதினோரு நிமிடம் உட்கார்ந்து கம்பைல் செய்தது யார்? காது சுடவில்லை. முதல் தடவையாகக் கோபத்தில் என் காது சில்லிட்டுப் போயிருந்தது. காலியான மூலையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னேன்.

“போதும். பாத்துட்டேன்.”

திரையில் ரன்டைம் எரர் பெட்டி வந்தது. நிரல் செத்து, மறுபடி தொடங்கியது.

நான்கு மணிக்கு விசாரணை அறைக்குள் என்னை யாரும் கூப்பிடாமலே போனேன். அலாரம் அடிக்கும் முன்பே அடித்ததாக எழுதி வைக்கிற வரியைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன். அது என் முதலெழுத்து என்றேன். சற்று முன் நான்காம் படுக்கையில் நடந்ததையும், அலாரம் அடித்ததாக அதற்கும் பதிவேட்டில் ஒரு வரி இருப்பதையும், அந்த வரியை நம்பியிருந்தால் அந்தப் பையன் இப்போது எங்கே இருப்பான் என்பதையும் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளை நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்தேன். தட்டுச் சத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சிஸ்டரும் திறக்கவில்லை. ஆனால் தான் ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாததை அவராகவே சொன்னார். பிறகு அவர் பணிக்குத் திரும்பலாம் என்றார்கள்.

அந்த வாரமே நிரலைச் சரியாக எழுதினேன், ஏழு வருடம் தள்ளிப்போட்ட அடுத்த வாரம் அது. தாமதத்தை அடியோடு எடுத்தேன். யாராக இருந்தாலும் முதலில் பட்டியல், பிறகுதான் ஒலிபெருக்கி என்று ஒரே வரிசை வைத்தேன். பதிவேட்டு வரியைக் கீழே இறக்கினேன். ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வெளியே போய், பக்கத்தில் உள்ள மைக் அதைக் கேட்டு உறுதி செய்தபின்தான் இப்போது அந்த வரி எழுதப்படும். அந்தப் பதிவேட்டால் இனிமேல் பொய் சொல்ல முடியாது. எனக்கு வேலை போகவில்லை, பொறுப்பு போனது. மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. அதை நினைத்தால் காது இன்னும் சுடுகிறது.

எரர் நின்றுவிட்டது. அதன்பின் நிரல் ஒரு நாள்கூடச் சாகவில்லை. பதிவேட்டின் நகல் தினமும் சாயங்காலம் எனக்கு வரும்படி செய்திருந்தேன். முதல் நாள் நகலைத் திறந்தபோது மூன்று பத்துக்கு நேரே ஒரு வரி இருந்தது.

‘படுக்கை 9: அலாரம் அடித்தது.’

சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் பதற்றப்படவில்லை.

“ஆமா மேடம், அடிக்குது. எல்லாருக்கும் கேக்குது இப்போ. வயர் கோளாறுன்னு நெனச்சுக்கறாங்க. நான் போய் அந்த மூலைல நிக்கிறேன். கொஞ்ச நேரத்துல நின்னுடும்.”

தட்டு கேட்கிறதா என்று கேட்டேன். தனக்குக் கேட்பது நின்றுவிட்டது என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பதிவேட்டின் அடுத்த வரியை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ‘படுக்கை 9: காத்திருக்கிறது.’ மறுநாளும் அதே இரண்டு வரிகள். அதற்கு அடுத்த நாளும்.

சென்ற வாரம் எனக்கு விடுமுறை. கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். வாசல் கதவை உள்ளே பூட்டிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மூன்று மணி வாக்கில் நிதானமாகக் குளிக்கப் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். தலையில் தண்ணீர் ஊற்றி, சோப்பு நுரையில் கண்ணை மூடியிருந்தபோது வெளியே கதவை யாரோ தட்டினார்கள்.

ஒரு தட்டு.

எங்கள் குளியலறைக் கதவு பிளாஸ்டிக். சத்தம் இரும்பில் பட்டது மாதிரி இருந்தது.

“வர்றேன்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நுரை கண்ணில் எரிய, குழாயை நிறுத்திவிட்டு நின்றேன். வெளியே காலடிச் சத்தம் விலகிப் போகவில்லை. தண்ணீர் சொட்டி முடியும்வரை, உடம்பு காயும்வரை, மகளின் பள்ளி வாகனம் வாசலில் ஒலி எழுப்பும்வரை அப்படியே நின்றேன். கதவைத் திறந்தபோது கூடம் காலியாக இருந்தது. நாணய வாடை மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவைச் சும்மா சாத்தி வைக்கிறேன். தள்ளினால் திறந்துகொள்ளும். ஆனால் அவர் தள்ளுவதில்லை. மூன்று பத்துக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, நான் வருவதாகச் சொன்னதை நம்பி வெளியே நிற்கிறார்.